கோஷர் முத்திரை போட்ட ரை விஸ்கியும் எங்கள் ஊர்க் கித்துள் பாணியும்

சிக்காகோ மச்சான் ஊருக்கு வந்தால் கூடவே ஸ்கொட்ச் வரும். எங்கள் வீட்டு வழக்கம் அது. இந்தமுறை அவன் பெட்டியிலிருந்து வெளியே வந்தது கோவல் என்கிற ரை விஸ்கி. "இது கோஷர் சாமான் மச்சான். ரபி வந்து ஆசீர்வாதம் பண்ணினது. அவ்வளவு சுத்தம்" என்று முன்னுரை வேறு.

சாமானைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்த ஆசீர்வாதக் கதையை முடித்துவிடுகிறேன். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோஷர் சான்றிதழுக்கும் ஆசீர்வாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யூதர்களின் உணவுச் சட்டப்படி இந்தப் பொருளைச் சாப்பிடலாமா, குடிக்கலாமா என்று விசாரித்து ஒரு சபை கொடுக்கும் சான்று அது, அவ்வளவுதான். என்ன தானியம், என்ன ஈஸ்ட், எந்தப் பீப்பாய், அந்தப் பீப்பாயில் முன்னால் என்ன இருந்தது, அதே குழாயில் வேறு என்ன ஓடுகிறது, கலருக்கும் வாசத்துக்கும் ஏதாவது ஊற்றுகிறீர்களா என்று எல்லாம் கேட்பார்கள். ஆலைக்குள் ரபி என்கிற யூத மதகுரு பார்ப்பது பூசாரி வேலை அல்ல, கணக்குப் பரிசோதகர் வேலை. சரக்கு ருசியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கவே மாட்டார்கள். ஆகவே, கோஷர் என்றால் நல்ல விஸ்கி என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். மோசமான கோஷர் விஸ்கியும் உலகத்தில் உண்டு.

இந்த முத்திரை நமக்குப் புதுசும் இல்லை. நம் நாட்டிலிருந்து கப்பலேறும் தேயிலைப் பெட்டி, தேங்காய்ப்பால் டின், உலர்ந்த தேங்காய்த் துருவல் பை என்று பலதிலும் ஒரு மூலையில் வட்டத்துக்குள் ஆங்கில யு எழுத்து இருப்பதைப் பார்க்கலாம். 1898இல் தொடங்கிய அமெரிக்க ஓர்த்தடொக்ஸ் யூனியனின் அடையாளம் அது. 2013இல் ஹலால் முத்திரையை வைத்து இந்த நாடு போட்ட கூத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளூர்ச் சாமான்களிலிருந்து அதை எடுக்கவேண்டி வந்தது. அந்த நேரத்திலும் ஏற்றுமதிப் பெட்டியில் கோஷர் முத்திரை போவதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. டொலர் வருகிற முத்திரை என்றால் நமக்குக் கண் தெரியாது.

மாவனல்லையில் வாசனைச் சாமான் கடை வைத்திருக்கும் கூட்டாளியிடம் இந்தக் கோஷர் விஸ்கி கதையைச் சொன்னேன். சிரித்தார். "எங்களுக்கு இந்தக் கரைச்சல் ஒண்டுமில்ல. போத்தல் முழுக்க ஹராம். வேல முடிஞ்சி" என்றார். இஸ்லாத்துக்கும் யூத மதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. யூத மதத்தில் மது தடையில்லை. பண்டிகையிலும் கல்யாணத்திலும் அதற்கு இடமே உண்டு. அவர்களுடைய கவலையெல்லாம் அது எதிலிருந்து, யார் கையால் வந்தது என்பதுதான்.

தானியம், தண்ணீர், ஈஸ்ட் என்று மூன்றே பொருளில் ஆன விஸ்கியில் அப்படி என்ன கவலை? முதல் கவலை திராட்சை. யூதர் அல்லாதவர் கை பட்ட வைனை அவர்களின் சட்டம் ஏற்காது. விஸ்கியில் வைன் எங்கிருந்து வந்தது என்றால், பீப்பாயிலிருந்து. ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஷெரி வைன் வைத்திருந்த பழைய பீப்பாய்களில் விஸ்கியை ஊறவைப்பார்கள். மரத்தில் ஊறிக்கிடக்கும் வைன் விஸ்கிக்குள் இறங்கும். அது எவ்வளவு, அதைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்று ரபிக்கள் பல வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நியூயோர்க்கில் இருந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டீன் கலந்த வைன் 6இல் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு ஷெரிப் பீப்பாய் ஸ்கொட்ச் குடிக்கிறவர்களும் உண்டு, தொடாதவர்களும் உண்டு.

அமெரிக்க ரைக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே ரை விஸ்கி என்று லேபல் ஒட்டவேண்டுமானால் தானியத்தில் 51 வீதமாவது ரை இருக்கவேண்டும். வடித்த சாராயம் 80 வீத அல்ககோலுக்கு மேலே போகக்கூடாது. 62.5 வீதத்துக்கு மேற்படாமல், உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊற்றவேண்டும். பீப்பாய் புதுசு என்றால் அதற்குள் பழைய வைன் இருக்க வழியில்லை. கடைசியில் வைன் பீப்பாய்க்கு மாற்றி மினுக்கும் புதிய மோஸ்தரைத் தவிர்த்தால் போதும்.

கனடா கதை வேறு. டொரொன்டோ உறவுக்காரர் "ரை குடிச்சேன்" என்றால் அந்தப் போத்தலில் ரை என்ற தானியம் இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. கனடியன் விஸ்கி, ரை விஸ்கி இரண்டும் அங்கே சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. ரை இத்தனை வீதம் என்ற அடிமட்டமும் கிடையாது. சுவையூட்டி என்ற பெயரில் கொஞ்சம் வைனோ வேறு மதுவோ சேர்க்கவும் இடமுண்டு. அந்த மாதிரி இடத்தில்தான் கோஷர்காரரின் கேள்விக்கு மதிப்பு வருகிறது. ஸ்கார்பரோ கடையில் நிற்கிறவர்கள் லேபலில் 100 வீதம் ரை என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இரண்டாவது கவலை இன்னும் சுவாரசியம். எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக யூதர்கள் கொண்டாடும் பஸ்காவில் புளித்த தானியம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்று ஐந்து தானியம். குடிக்காமல் மூடி வைத்திருந்தால் போதாது, அந்த நாட்களில் அது யூதருக்குச் சொந்தமாகவே இருக்கக்கூடாது. இருந்தால், பண்டிகை முடிந்த பிறகும் அதைத் தொடமுடியாது. ஒரு பாண் துண்டு என்றால் தூக்கி எறிந்துவிடலாம். களஞ்சியத்தில் வருஷக்கணக்காக ஊறுகிற பீப்பாய்களை என்ன செய்வது?

கென்டக்கியில் பஃபலோ ட்ரேஸ் வடிசாலை இதற்குச் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்த கதை. 2010இல் சிக்காகோ ரபிக்கள் சபையின் ஆளை வைத்துக்கொண்டு தனியாகச் சில பீப்பாய்களை நிரப்பினார்கள். அங்கேயே ஒரு சின்னச் சடங்கு நடத்தி, அந்தப் பீப்பாய்களை யூதர் அல்லாத ஓர் அதிகாரியின் பெயருக்கு விற்றுவிட்டார்கள். ஒவ்வொரு பஸ்காவும் வந்து போனது. பீப்பாய்கள் சட்டப்படி வேறொருவர் சொத்து. போத்தலில் அடைக்கும் இயந்திரத்தை நன்றாகக் கழுவிய பிறகு 2020இல் வெளியே விட்டார்கள். அவற்றில் ஒன்று ரை, 47 வீத அல்ககோல். வெறும் காகிதத் தந்திரம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஒரு போத்தல் விஸ்கிக்காகப் பத்து வருஷம் முன்கூட்டி யோசித்தார்களே, அந்தப் பொறுமைக்கு நான் தொப்பி கழற்றுகிறேன்.

நாம் மட்டும் இதையெல்லாம் பார்க்காதவர்களா? எங்கள் தோட்டத்துப் பக்கம் முனியாண்டி சாமிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். அப்பாயி இருந்த காலத்தில் அந்தப் போத்தல் சீல் உடைக்காததாக இருக்கவேண்டும், கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் கூடவே கூடாது. "நீங்க குடிக்கிற கழிசடைய சாமிக்கு வைப்பீங்களா?" என்று ஆண்கள் எல்லோரையும் ஒரே கேள்வியில் உட்காரவைத்துவிடுவார். எழுதி வைக்காத கோஷர் சட்டம்தான் அதுவும்.

சரி, போத்தலுக்கு வருவோம்.

கோவல் 2008இல் சிக்காகோவில் ரொபர்ட், சோனட் பிர்னெக்கர் தம்பதி தொடங்கிய வடிசாலை. ரொபர்ட் ஒஸ்திரியாவில் வடிக்கும் தொழில் பார்த்த குடும்பத்துப் பிள்ளை. இயற்கை வேளாண்மைத் தானியம், கோஷர் சான்று இரண்டும் இவர்களின் சரக்குகளுக்கு உண்டு. இந்த ரை 100 வீதமும் ரை, 40 வீத அல்ககோல், ஒற்றைப் பீப்பாய்ச் சரக்கு. அதாவது பல பீப்பாய்களைக் கலந்து சமன்படுத்துவதில்லை. வடிக்கும்போது முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். எல்லா வடிசாலையும் தலையைத் தள்ளும். வாலில் கொஞ்சம் வைத்துக்கொண்டால் கனமும் எண்ணெய்த்தன்மையும் வரும் என்று பலர் விடுவதில்லை. இவர்கள் அதையும் தள்ளிவிடுகிறார்கள். இந்த விஸ்கியின் நல்லதும் கெட்டதும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

ரை என்பது குளிரிலும் வறண்ட மண்ணிலும் வளரும் முரட்டுத் தானியம். ஜெர்மனி, போலந்துப் பக்கத்துக் கறுப்புப் பாண் இதில்தான். அந்த நாட்டுக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விஸ்கி ஆக்கினார்கள். ஜோர்ஜ் வொஷிங்டன் ஜனாதிபதிப் பதவி முடிகிற சமயத்தில், 1797இல், தன் மவுன்ட் வேர்னன் பண்ணையில் வடிசாலை போட்டார். அவருடைய கலவையில் 60 வீதம் ரை. 1799இல் மட்டும் கிட்டத்தட்ட 11,000 கலன் வடித்தார்கள். நம் ஊர் அரசியல்வாதிகளும் பார் லைசென்ஸ் விஷயத்தில் வொஷிங்டன் வழியில்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 1920இலிருந்து 1933வரை இருந்த மதுவிலக்கு ரையின் முதுகெலும்பை முறித்துவிட்டது. சோளத்தில் வடிக்கும் பேர்பன் எழுந்து நின்றது, ரை பல காலம் மூலையில் கிடந்தது. இப்போதுதான் மறுபடி நடமாடுகிறது.

ரையைப் பற்றி எழுதுகிற அமெரிக்கர்கள் எல்லோரும் மசாலா மசாலா என்கிறார்கள். எந்த மசாலா என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அந்த விஷயத்தில் கடுகண்ணாவைக்காரனுக்கு மூக்கு பிறவியிலேயே பழகியது. மாவனல்லையிலிருந்து கணவாய் ஏறுகிற வரைக்கும் ரோட்டோரமெல்லாம் வாசனைத் திரவியத் தோட்டங்கள். கராம்பு காய்கிற வாசமும் சாதிக்காய் பிளக்கிற வாசமும் நமக்குப் புத்தகத்தில் படித்தவை அல்ல.

சின்ன பிராண்டி கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றி, மேலே ஒரு சோசர் மூடி கொஞ்ச நேரம் வைத்தோம். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் விளிம்புக்கு வெளியே பிடித்துப் பாருங்கள், அதுதான் முறை. முதலில் வந்தது கராம்பு. காய்ந்த கராம்பு அல்ல, பறித்து ஒருநாள் ஆன, தண்டில் இன்னும் ஈரம் இருக்கும் கராம்பு. இதில் மாயம் ஒன்றுமில்லை. கராம்பின் வாசத்துக்குக் காரணமான யூஜினோல் ஓக் மரத்திலும் இருக்கிறது. பீப்பாயைக் கருக்கும்போது அது வெளியே வரும், வனிலாவின் வாசத்தைத் தரும் வனிலினும் வரும். அதற்குப் பின்னால் பச்சை மிளகு, பிறகு கருகும் பதத்துக்குக் கிட்டப்போன சீனிப்பாகு. "வசவாசி" என்றாள் மனைவி, நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை. சாதிக்காயைச் சுற்றியிருக்கும் அந்தச் சிவப்பு வலை, காய்ந்து செம்மஞ்சளான பிறகு. அதேதான். (அவள் கையில் கிளாஸைப் பார்த்து மச்சான் புருவம் தூக்கினான். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979 வர்த்தமானியை 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர எடுத்தார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போடவைத்தார். விற்பதற்குத்தானே தடை, வீட்டில் நுகர்வதற்கு இல்லையே.)

வாயில் வைத்தால் எதிர்பார்த்த காரம் இல்லை. இனிப்பாகத் தொடங்குகிறது, நடுவில் கராம்பும் மிளகும் எட்டிப் பார்க்கின்றன, முடிவில் சுத்தமாக, கொஞ்சம் சீக்கிரமாகவே, மறைந்துவிடுகிறது. தொண்டையில் கீறல் கிடையாது. மறுநாள் காலையில் தலைக்குள் தவில் கிடையாது, அளவோடு நிறுத்தியிருந்தால். வாலை வெட்டியதன் பலன் இது. நட்டமும் அதுதான். விழுங்கின பிறகு நெஞ்சுக்குள் நின்று பேசுகிற கனம் இதில் இல்லை. முரட்டு ரை தேடுகிறவருக்கு இது கொஞ்சம் சாதுவான பிள்ளையாகத் தெரியும். ஸ்கொட்ச் குடித்துப் பழகி முதல்முறை ரை பக்கம் வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இருக்காது. என் கணக்கில் 10க்கு 7. தண்ணீர் அரைத் தேக்கரண்டி விட்டால் 7½. வசவாசி வாசம் இன்னும் திறந்துகொள்கிறது. அதற்குமேல் தண்ணீர் விட்டால் உடைந்துவிடும், 40 வீதச் சரக்கு அவ்வளவுதான் தாங்கும்.

எப்படிக் குடிப்பது என்று கேட்டால், முதல் கிளாஸ் வெறுமனே. எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் மேலே. டோசன் கோபுரத்துப் பக்கம் பின்னேரம் மூடுபனி இறங்கும் மாதங்களில் ஐஸே தேவையில்லை. கொழும்பில் இருப்பவர்கள் ஒரு பெரிய கட்டி போட்டுக்கொள்ளுங்கள், பொடிக்கட்டி வேண்டாம், நிமிஷத்தில் கரைந்து சரக்கைத் தண்ணியாக்கிவிடும். கோக் வேண்டாம். அப்படி ஊற்றுவதென்றால் இவ்வளவு கோஷரும் வேண்டாம், பீப்பாயும் வேண்டாம்.

இனிப்பாக, நீட்டிக் குடிக்கவேண்டும் என்றால் நம் எலிபன்ட் ஜிஞ்சர் பியர் இருக்கிறது. வட அமெரிக்காவில் ரையும் ஜிஞ்சரும் பழைய சோடி. அங்கே ஊற்றுவது மெல்லிய ஜிஞ்சர் ஏல். நம்முடையதில் இஞ்சியின் கடி அதிகம் என்பதால் ஒன்றுக்கு இரண்டு போதும். ஒன்றுக்கு நான்கு என்று ஊற்றாதீர்கள், இஞ்சி மட்டும்தான் மிஞ்சும். ஒரு தேசிக்காய்த் துண்டு.

இனி, இந்தப் பதிவு எழுதவே காரணமான கலவை. ரை விஸ்கியின் பழம்பெரும் பானம் ஓல்ட் ஃபேஷன்ட். சீனி, கசப்புச் சாறு, விஸ்கி, தோடம்பழத் தோல், ஐஸ். இதில் சீனிக்குப் பதிலாக நான் விட்டது கித்துள் பாணி. 60 மில்லிலீற்றர் ரைக்கு ஒரு தேக்கரண்டி பாணி, அதற்குமேல் கூடாது. அங்கொஸ்டூரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. அது கிடைக்காத வீட்டில் ஒரு கராம்பைப் பாணிக்குள் முந்தின நாளே போட்டு வையுங்கள். பாணி குளிர்ந்த விஸ்கியில் லேசில் கரையாது, ஆகவே முதலில் பாணியையும் கொஞ்சம் விஸ்கியையும் கலக்கி, பிறகு ஐஸும் மிச்சமும். தோடம்பழத் தோலைக் கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய் சிதறும். அந்த வாசத்தோடு குடியுங்கள். விறகடுப்பில் காய்ச்சிய பாணியின் புகைவாடை, கருக்கிய பீப்பாயின் வாடையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மச்சான் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இதை சிக்காகோவில 20 டொலருக்கு விப்பாங்க மச்சான்" என்றான். அவனுக்கு எல்லாமே டொலர்தான்.

பாணி நல்லதாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கித்துள் பாளையைச் சீவி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் தொழில் அது. இறக்கும் சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் முட்டியில் ஹல் மரப்பட்டை போட்டு வைப்பார்கள். பிறகு மணிக்கணக்காகக் காய்ச்சவேண்டும். இவ்வளவு பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதனால்தான் ரோட்டோரத்தில் மலிவாகத் தொங்கும் போத்தல்களில் பாதிக்குமேல் சீனிப்பாகாக இருக்கும் என்று பாணி காய்ச்சுகிறவர்களே சொல்வார்கள். நல்ல பாணியில் இனிப்புக்கு முன்னால் ஒரு புகையும் கடைசியில் ஒரு மெல்லிய துவர்ப்பும் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் என்றால் வாங்காதீர்கள். ஏறுகிற ஆளை நேரில் தெரிந்து வாங்குவதுதான் எங்கள் ஊர்ச் சான்றிதழ்.

பைட்ஸுக்கு? மிளகு தூக்கலாகப் போட்ட எதுவும் சரி. ஆனால் தக்காளி சோஸில் புரட்டிய டெவல் வகையறா இந்த மெல்லிய விஸ்கியைக் கொன்றுவிடும். கொழும்பு வீதியில் பஸ்யாலவுக்குக் கிட்ட கஜுகமவில் விற்கும் கஜுவை வாங்கி, வீட்டில் கொஞ்சம் நெய்யும் மிளகும் உப்பும் போட்டுப் புரட்டுங்கள். அது போதும். கித்துள் கருப்பட்டியை நகத்தளவு உடைத்து வாயில் வைத்துக்கொண்டு ஒரு மடக்கு எடுத்துப் பார்ப்பதும் தேவலை.

இத்தனை நேரம் வெளிநாட்டுச் சரக்கைப் புகழ்ந்துவிட்டு நம் சாராயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் பாவம். கோவலுக்குப் பக்கத்தில் ஒரு தென்னஞ் சாராயமும் ஊற்றி வைத்துத்தான் பார்த்தோம். முழுத் தென்னை என்று லேபலில் எழுதிய சரக்கு. களுத்துறை, வாதுவைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்துபோய் இறக்கும் கள்ளிலிருந்து வடித்தது. நல்ல சாராயம் ஊறுவது ஹல்மில்ல மரப்பீப்பாயில். வெள்ளைக்காரன் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்த அதே மரம். கருக்கிய புது ஓக்கின் அதட்டல் அதில் இல்லை. பூவும் பழுத்த வாழைப்பழமும் கலந்த வாசம், அடியில் ஒரு கடற்கரைப் புளிப்பு. தானியத்தால் இதைத் தரமுடியாது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு முதலில் காலியானது அந்தக் கிளாஸ்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பஸ்காவுக்காகப் பத்து வருஷம் பாடுபடும் அந்தச் சட்டத்தின் முதல் கேள்வி, தானியம் இருக்கிறதா என்பது. சுத்தத் தென்னஞ் சாராயத்தில் ஐந்து தானியமும் இல்லை, திராட்சையும் இல்லை. பாளையிலிருந்து சொட்டி, தானாகப் புளித்து, வடிந்தது. ரபிக்கள் இன்னும் நூறு கேள்வி கேட்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் முதல் இரண்டு கேள்வியில் நாம் ஸ்கொட்லாந்தைவிட முன்னால் நிற்கிறோம். யாழ்ப்பாணத்துப் பனஞ் சாராயமும் அப்படித்தான். திக்கம் வடிசாலை ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தப் பேச்சில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

சிக்கல் 'சுத்த' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நாட்டில் அதிகம் விற்கும் மலிவுச் சாராயங்கள் தென்னை வடிப்பையும் சீனி ஆலைக் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட்டையும் கலந்தவை. அது சட்டவிரோதம் அல்ல, யாரும் மறைத்துச் செய்வதும் அல்ல. ஆனால் கலவையில் தென்னை எத்தனை வீதம் என்று கடையில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? முழுத் தென்னை என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளும் ஒன்றிரண்டு போத்தல்களை விட்டால் அந்த எண்ணை நான் லேபலில் பார்த்ததில்லை. மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் மூடியில் பளபளவென்று இருக்கும். அரசாங்கத்துக்கு வரி கட்டியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி? பீப்பாயிலிருந்து வந்த நிறமா, கரமல் ஊற்றிய நிறமா என்று யாரைக் கேட்பது? சிக்காகோவில் யாரோ ஒரு சமயக்காரர் தன் ஆட்களுக்காகக் கேட்ட கேள்விகளால், கடுகண்ணாவையில் இருக்கும் எனக்கு அந்தப் போத்தலின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் தெரிகிறது. நாற்பது மைல் தள்ளி வடித்த சாராயத்தைப் பற்றி அதில் பாதிகூடத் தெரியவில்லை.

தோட்டத்து லயன்களில் கசிப்பு செய்த அழிவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது ருசிப் பிரச்சினை மட்டும் அல்ல. நல்ல சரக்கு வரியால் எட்டாத உயரத்துக்குப் போகப் போக, எளிய மனுசன் என்னவென்று தெரியாததைக் குடிக்கிறான். குடியாதே என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. குடிக்கிறவனுக்கு என்ன குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதனால் இல்லாமல் போகாது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நாட்டில் மதுவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. இது விளம்பரம் அல்ல. சிக்காகோவில் என்னை யாருக்கும் தெரியாது, போத்தலும் காலி. 21 வயது ஆகாதவர்கள் பாணியை மட்டும் பாணுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். போயா தினத்துக்கு முந்தின நாள் வாங்கிவைத்தவர்கள் கணவாய் வளைவுகளில் வண்டி ஓட்டவேண்டிய இரவில் போத்தலைத் திறக்கவேண்டாம்.

முடிவாகக் கேட்டால்: கோவல் ரை யாராவது கொண்டுவந்து தந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், பாதியைக் கித்துள் பாணிக்கு ஒதுக்கிவையுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் முழுத் தென்னைக்குத்தான் கொடுப்பேன். தென்னை வடிப்பு இத்தனை வீதம் என்று எண்ணோடு அச்சடித்த இலங்கைச் சாராயப் போத்தல் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், லேபலைப் படம் எடுத்து, எந்த ஊரில் வாங்கினீர்கள் என்றும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.